பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால் நாலு வார்த்தை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு பாதியிலேயே கெடந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். ஆணி அதிகம் இருக்கறவங்க சாயந்திரமா வந்து படிங்க. முதல்ல கொசுவத்தி சுத்துவேன், அப்புறம் சரித்திரம். ரெண்டும் ஏன் ஒண்ணா வருதுன்னு போகப் போகத் தெரியும்.

எங்க ஊரு கோலியனூர். விழுப்புரத்துக்குப் பக்கத்துல, பாண்டிச்சேரி ரோடும் பண்ருட்டி ரோடும் பிரியற கூட்டுரோடுன்னு சொன்னா நெறைய பேருக்குத் தெரியும். "அட, அங்க டீ குடிச்சிருக்கோமே"ம்பாங்க. ஊருக்குள்ள வந்தவங்கதான் கம்மி :-)

2022-ல பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. இஞ்சினியரிங் படிச்சு மெட்ராஸ்ல பொட்டி தட்டுற நம்ம பையன்னு என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல. ஆபீஸ்ல பேச்சுப் பயிற்சிக்குன்னு ஒரு கிளப் உண்டு. 1924-ல கலிஃபோர்னியாவுல ரால்ஃப் ஸ்மெட்லிங்கறவர் ஆரம்பிச்ச டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாதிரி. அங்க படிச்சதை வெச்சு ஒரு குறிப்பு தயார் பண்ணேன். தலைப்பு "தொழில்நுட்பமும் எதிர்காலமும்". முன்னுரை, மூணு பகுதி, ஒவ்வொண்ணுக்கும் மூணு உட்பிரிவு, முடிவுரை. 2.1, 2.2, 2.3னு நம்பர் வேற. மொத்தம் பன்னெண்டு நிமிஷம். ஆபீஸ்ல ஏதாவது டாகுமெண்ட் எழுதினா இப்படித்தான எழுதுவோம், அதே கை.

மேடை ஏறி மூணாவது நிமிஷம் முன்னாடி உக்காந்திருந்த ஒரு வாண்டு சத்தமாவே கேட்டுச்சு: "அண்ணா, டான்ஸு எப்போ?" பிள்ளைங்களுக்கு வேஷம் போட்டுக் கூட்டிட்டு வந்த அம்மாங்க எல்லாம் வேலை முடிச்சு அப்படியே வந்தவங்க. அவங்க முன்னாடி நான் 2.3-ஐ விடாம படிச்சுட்டு இருந்தேன். "சீக்கிரம் முடிக்கவும்"னு துண்டுச்சீட்டு வந்தது. கைதட்டு வந்ததே நான் "நன்றி"ன்னு சொன்னப்பதான்.

தாத்தா கடைசி வரிசையில உக்காந்திருந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி தூரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நல்லா எழுதியிருந்தடா"ன்னார். பேசினேன்னு சொல்லல, கவனிங்க. "ஆனா யாருக்கு எழுதின?"

தாத்தா மேடைப் பேச்சாளர். பெரிய பேரெல்லாம் இல்ல. போஸ்டர்ல கடைசியா, சின்ன எழுத்துல போடுவாங்களே, அந்த ரகம். தலைவர் வர்ற வரைக்கும் கூட்டம் கலையாம பாத்துக்கறதுதான் அவரோட வேலை. 1967 தேர்தல்ல அவருக்கு இருபத்தி நாலு வயசு. அன்னிக்கு ராத்திரி டிரங்குப் பெட்டியில இருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். உள்ள பூரா பழைய பஸ் டிக்கெட்டு. ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் பென்சில்ல மூணு நாலு வார்த்தை. அதுதான் அவரோட பேச்சுக் குறிப்பு. ஒண்ணுல இப்படி இருந்தது: டீக்கடை. படி. அம்மா. கடைசி பஸ்.

விளக்கம் கேட்டேன். டீக்கடைன்னா, கூட்டம் நடக்கற எடத்துக்குப் பக்கத்து டீக்கடையில அன்னிக்குக் காதுல விழுந்த பேச்சுல இருந்து ஆரம்பிக்கணும். படின்னா ரூபாய்க்கு மூணு படி அரிசி, அந்தத் தேர்தல்ல தி.மு.க. கொடுத்த வாக்குறுதி. அம்மான்னா, அவரோட அம்மா சாயந்திரம் அரிசி அளக்கும்போது படியில தலை தட்டற விதம். சரி, கடைசி பஸ்? "அதாண்டா முக்கியம். விழுப்புரம் போற கடைசி பஸ் கெளம்பறதுக்குள்ள முடிக்கணும். இல்லன்னா ஜனம் எந்திரிச்சுப் போயிடும், நீ மைக்குகிட்ட பேசினு இருப்ப."

என்னோட குறிப்புல விஷயம் இருந்தது. அவர் குறிப்புல கேக்கறவங்களும் இருந்தாங்க. இந்த மாதிரி ஒரு குறிப்பு தாத்தா கைக்கு எங்கேர்ந்து வந்தது? அதைத் தேடிப் போனதுதான் இனி வர்ற சரித்திரம்.

தமிழ்ல பேச்சு பத்தின யோசனை ரொம்பப் பழசு. குறள்ல மட்டும் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமைன்னு மூணு அதிகாரம் இருக்கு. நன்னூல் ஒரு படி மேல போய், ஒரு நூலை எப்படிக் கட்டணும்னு பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தின்னு கணக்கே போட்டுக் கொடுக்கும். ஆனா பாருங்க, குறள் சொல்றது சான்றோர் உக்காந்திருக்கற அவை. நன்னூல் சொல்றது நூல். தெருவுல நிக்கற, முன்னபின்ன தெரியாத ஜனத்துகிட்ட ஒரு தலைப்பை எடுத்து ஒரு மணி நேரம் பேசறது எப்படின்னு ரெண்டுலயும் இல்ல. ஏன்னா அப்படி ஒரு பழக்கமே பெருசா இல்ல.

அப்போ என்ன இருந்தது? எங்க பக்கத்து ஆளுங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது பாரதப் பிரசங்கம். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துல திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. நாள்கணக்குல போகும். கடைசியில துரியோதனனை மண்ணுல பெருசாப் படுக்க வெச்சுப் படுகளம், அப்புறம் தீமிதி. பிரசங்கியார் வில்லிபாரதத்துல ஒரு பாட்டை எடுப்பார், கூட இருக்கறவர் ராகம் போட்டுப் பாடுவார், அப்புறம் இவர் வசனத்துல விரிப்பார். நடுவுல உள்ளூர் வம்பு, மாமியார் மருமக ஜோக்கு, விலைவாசி எல்லாம் வரும். ஆனா எவ்வளவு தூரம் சுத்தினாலும் திரும்பி வந்து நிக்கறது அடுத்த பாட்டுலதான்.

அதாவது அங்க பேசறவர் குறிப்பு எழுத வேண்டியதே இல்ல. நூல்தான் குறிப்பு. வரிசையைப் புலவர் எப்பவோ போட்டு வெச்சுட்டார். இதோட உச்சம்னு வடலூர் வள்ளலார் பத்தி ஒரு கதை உண்டு. சின்ன வயசுல சென்னையில, உடம்பு சரியில்லாத அண்ணனுக்குப் பதிலா ஒரு வீட்டுக்குப் பெரியபுராணம் சொல்லப் போனாராம். முதல் பாட்டுக்கு விளக்கம் சொல்லியே நடுராத்திரி ஆயிடுச்சாம். அது முழுக்க நடந்ததா, பின்னால பக்தர்கள் சேர்த்ததாங்கறது வேற பேச்சு. அந்தக் கதையை ஜனங்க ஏன் ரசிச்சாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரே பாட்டுக்குள்ளேயே இவ்வளவு நேரம் நிக்க முடிஞ்சது பெருமை. பாட்டை விட்டு வெளிய வரணும்னு யாரும் எதிர்பார்க்கல.

யாழ்ப்பாணத்துலயும் இதே முறைதான். அங்க புராண படனம்னு சொல்வாங்க. ஒருத்தர் பாட்டை வாசிக்க, இன்னொருத்தர் பயன் சொல்வார். அந்த ஊர்ல, நல்லூர்ல 1822-ல பிறந்த ஆறுமுகம்ங்கறவர்தான் இந்த முறையை உடைச்சவர். நாவலர்ங்கற பட்டம் அப்புறம்தான் வந்தது. மெதடிஸ்ட் மிஷன் பள்ளிக்கூடத்துல (பின்னாள்ல யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஆனது) படிச்சு, அங்கேயே பாடமும் எடுத்தவர். அதை நடத்தின பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்புல உதவினவர். அந்த மொழிபெயர்ப்பு 1850-ல அச்சாச்சு. சைவத்தை விடாமலே அவ்வளவு வருஷம் மிஷன் ஆளுங்களோட இருந்தவர், அவங்க எப்படிப் பேசறாங்கன்னு பக்கத்துல இருந்து பார்த்திருக்கார்.

அந்தக் காலத்து புரொட்டஸ்டண்ட் பிரசங்கம் ஒரு தனித் தொழில்நுட்பம்னே சொல்லலாம். வேதத்துல ஒரு வசனம், அதுல இருந்து ஒரு தலைப்பு, தலைப்புக்குக் கீழ ரெண்டு மூணு கிளை, கடைசியில "ஆகவே நீ என்ன செய்யணும்"னு கேக்கறவனைப் பார்த்து ஒரு கேள்வி. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல சார்லஸ் சிமியோன்னு ஒரு பாதிரியார். பிரசங்கம் பண்ணத் தெரியாத இளம் பாதிரிகளுக்காக வாழ்நாள் பூரா குறிப்பு எழுதினார். மொத்தம் 2536 குறிப்பு, 21 தொகுதி! அதுக்கு அவர் வெச்ச பேர் எலும்புக்கூடு. சதையை அவனவன் போட்டுக்கணும், எலும்பு ரெடி. நாம டெம்ப்ளேட்னு சொல்றோமே, அதேதான். என்னோட 2.1, 2.2, 2.3க்குத் தாத்தாவுக்குத் தாத்தா யாருன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

1847 டிசம்பர் 31. வண்ணார்பண்ணை சிவன் கோயில். ஆறுமுகம் மேடை ஏறினார். நண்பர் கார்த்திகேய ஐயரும் அவருமா வெள்ளிக்கிழமை சாயந்திரம் தோறும் தொடர்ந்து பேசினாங்க. சைவத்துக்குள்ள இந்த வடிவத்துல செஞ்ச முதல் பேச்சுன்னு ஆய்வாளர்கள் இதைத்தான் குறிக்கறாங்க. புராணத்தை முதல் பாட்டுல இருந்து வரிசையா சொல்லல. கொல்லாமை, கள்ளுண்ணாமை, திருநீறு, சிவபக்தின்னு தலைப்பு. ஒரு தலைப்புக்கு எந்த நூல்ல இருந்து எது வேணுமோ அதை எடுத்துக்கிட்டார். வரிசை புலவர் கையில இருந்து பேசறவர் கைக்கு வந்துடுச்சு. மிஷன்காரங்களோட ஆயுதத்தை எடுத்து அவங்களுக்கு எதிராவே திருப்பினார்.

தமிழ் மேடைப்பேச்சைப் பத்தி முழுசா ஆராய்ச்சி பண்ணவர் ஒரு அமெரிக்கர், பெர்னார்ட் பேட். மதுரையில தங்கி மேடை மேடையா உக்காந்து கேட்டவர். 2009-ல திராவிட மேடைத் தமிழைப் பத்தி ஒரு புத்தகம். 2016-ல இறந்துட்டார். பாதிரியார் பிரசங்கத்துல இருந்து அரசியல் மேடை வரைக்கும் வர்ற இந்தக் கதையை அவர் எழுதி வெச்சிருந்தது 2021-ல புத்தகமா வந்தது. தமிழ் மேடைப்பேச்சை ஏதோ சங்க காலத்துல இருந்து வர்றதா நெனச்சுட்டு இருந்த எனக்கு அது பெரிய அடி. மைக்கு முன்னாடி கையை உயர்த்திப் பேசற தமிழனோட வயசு இருநூறு வருஷம் கூட இல்லையாம்!

ஒரு சின்ன கிளைக்கதை. நாவலர் அடிக்கடி நம்ம பக்கம் வந்தவர். 1864-ல சிதம்பரத்துல பள்ளிக்கூடம் வெச்சார். அப்புறம் வள்ளலார் பாட்டு அருட்பாவா மருட்பாவான்னு சண்டை முத்தி, சிதம்பரம் கோயில்ல தன்னை அவமானப்படுத்திப் பேசினாங்கன்னு 1869-ல மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போனார். கடலூர்லதான். ஒரே பாட்டுல ராத்திரியை ஓட்டினவரும், பாட்டை விட்டுத் தலைப்புக்கு வந்தவரும் எங்க ஊர்ல இருந்து பஸ் தூரத்துல எதிரெதிரா நின்னிருக்காங்க. இதை எந்தப் பாடப்புத்தகத்துலயும் எனக்குச் சொல்லித் தரல.

அடுத்து வேகமா போயிடறேன். 1907 மே மாசம் விபின் சந்திர பால் மெட்ராஸ் கடற்கரையில பேசினார், கூட்டம் அலை மோதுச்சு, ஆனா பேச்சு இங்கிலீஷ்ல. 1908 ஆரம்பத்துல தூத்துக்குடியில சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் தமிழ்ல பேசினாங்க. எதிர்ல நின்னது கோரல் மில் தொழிலாளிங்க. போலீஸ் எழுதி வெச்ச அந்தப் பேச்சுதான் பின்னால அவங்க மேல ராஜதுரோக வழக்குக்குச் சாட்சி. 1918-ல பெரம்பூர்ப் பக்கம் மில் தொழிலாளிங்க கூடற ஒரு பக்தி சபைக்குப் பேச வந்தார் திரு.வி.க. அந்த வட்டத்துல இருந்துதான் அதே வருஷம் ஏப்ரல் 27-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கோயில் வாசல்ல இருந்து ஆலை வாசலுக்கு வர பிரசங்கத்துக்கு எழுபது வருஷம் ஆச்சு.

திராவிட இயக்க மேடைக்கு வருவோம். தாத்தா ஏரியா. இங்க ரெண்டு பள்ளிக்கூடம் இருந்ததா அவர் சொல்வார். ஒண்ணு பெரியார். வீட்டுத் திண்ணையில பேசற அதே தமிழ், மணிக்கணக்குல. எலும்புக்கூடு கண்ணுக்கே தெரியாது. ஆனா ஒரு பழக்கத்தை மட்டும் விடவே மாட்டார்: நான் சொல்றேன்னு நம்பாதே, உன் அறிவுக்குச் சரின்னு பட்டா எடுத்துக்கோன்னு கூட்டத்துகிட்ட முடிவை ஒப்படைக்கறது. 1973 டிசம்பர் 19-ல தியாகராய நகர்ல பேசினதுதான் கடைசிப் பேச்சு. அஞ்சாவது நாள் இறந்துட்டார்.

இன்னொண்ணு அண்ணா. இவருக்குத் தலைப்புதான் முதுகெலும்பு. 1943-ல கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமான்னு ரெண்டு விவாதம். பிப்ரவரியில சென்னை சட்டக்கல்லூரியில ரா.பி.சேதுப்பிள்ளையோட, மார்ச்சுல சேலத்துல சோமசுந்தர பாரதியாரோட. ரெண்டு பேரும் கரை கண்ட தமிழறிஞர்கள். இலக்கிய நயத்துல மோதினா அண்ணா தோத்திருப்பார். அவர் அங்க மோதவே இல்ல. கம்பனோட கவித்திறனை மறுக்கல. அந்தத் திறமை எந்தக் கருத்தைச் சுமந்துட்டு வருதுங்கறதுதான் கேள்வின்னு எல்லையை முதல்லயே போட்டுட்டார். விவாதம் அவர் போட்ட கோட்டுக்குள்ளதான் நடந்தது. "தீ பரவட்டும்"னு புத்தகமா வந்திருக்கு. அவர் முடிவை ஒத்துக்கறவங்களும் மறுக்கறவங்களும் படிக்கலாம், ஒரு பேச்சை எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுக்க. அடுக்குமொழியைத்தான் எல்லாரும் காப்பி அடிச்சாங்க. இந்தக் கோடு போடற வேலையைக் காப்பி அடிச்சவங்க கம்மி.

அடுக்குமொழியை விட எனக்குப் பிடிச்சது இந்த மேடையோட இன்னொரு வழக்கம், "அவர்களே! அவர்களே!"ன்னு விளிக்கறது. தலைமை தாங்கும் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, கிளைச் செயலாளர் அவர்களே... ஆபீஸ் கிளப்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க, நேர விரயம்னு. நானும் சிரிச்சிருக்கேன். தாத்தா சிரிக்கல. "அந்த லிஸ்ட்டுல கடைசியா யாரு வருவாங்க பாத்தியா? தாய்மார்களே, பெரியோர்களே. தூரத்துல சைக்கிள்ல கால் ஊனினு நிக்கறவன் வரைக்கும் வந்தாத்தான் அந்த லிஸ்ட்டு முடியும்"னார்.

இது எனக்கு முழுசா உறைச்சது 2023-ல. பட்டியல் சமூகத்து ஜனங்க உள்ள போய்க் கும்பிடறது பத்தின தகராறுல, ஜூன் மாசம் வருவாய்த்துறை ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்கு சீல் வெச்சது நியூஸ்ல வந்ததே, மேல்பாதி, அது எங்க ஊருக்குப் பக்கம்தான். பிறகு கோர்ட்டு உத்தரவுல திறந்தாங்க. அன்னிக்கு டிவியைப் பாத்துட்டுத் தாத்தா சொன்னார்: "பாரதம் சொல்றப்ப நாங்கல்லாம் பந்தலுக்குள்ள. எங்கூட படிச்சவன் ஒருத்தன் ரோட்டுல நின்னு கேப்பான். கூட்டுரோட்டு மீட்டிங்குலதான் அவனும் நானும் ஒரே எடத்துல நின்னு கேட்டோம்."

நாவலர் கோயில்ல பேசினப்போ யார் உள்ள, யார் வெளியன்னு கோயில் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தது. அவரும் சாதி ஒழுக்கம் பார்த்தவர்தான், அதை மறைக்க வேண்டியதில்ல. தெருமுனைக்குக் கதவு இல்ல. தாத்தா டிக்கெட்டுல டீக்கடைன்னு எழுதினது சும்மா ஒரு சுவாரசியமான ஆரம்பத்துக்காக மட்டும் இல்லன்னு நெனக்கறேன். பந்தலுக்குள்ள உக்காந்தவனுக்கும் ரோட்டுல நின்னவனுக்கும் பொதுவா ஒரு வார்த்தை வேணும். டீக்கடைன்னதும் அங்கயும் ரெண்டு டம்ளர் இருந்த காலம் அதுன்னு உடனே எனக்குத் தோணுச்சு. கேட்டேன். "அதனாலதாண்டா அங்கேர்ந்து ஆரம்பிச்சேன்"னார்.

போன வருஷம் தாத்தா போயிட்டார். எண்பத்தி ஒண்ணு. காரியம் முடிஞ்சு படத்திறப்பு வெச்சாங்க, தெருவுல ஷாமியானா போட்டு. குடும்பத்து சார்பா நீ பேசுன்னாங்க. அப்பா பேச மாட்டார், அழுதுடுவார். மெட்ராஸ்ல இருந்து வந்த பஸ் டிக்கெட்டு சட்டைப் பையில இருந்தது. இப்பல்லாம் மெஷின் டிக்கெட்டு, சுருண்டுக்கும். அதுக்குப் பின்னால எழுதினேன்: டிரங்குப் பெட்டி. அரிசிப் படி. ரோட்டுல நின்னவர். கடைசி பஸ்.

மூணாவது வார்த்தைக்கு வரும்போது அந்தக் கூடப்படிச்ச தாத்தா ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்ததைப் பாத்துட்டேன். அதுக்கப்புறம் டிக்கெட்டைப் பாக்கவே இல்ல. ஏழு நிமிஷம் பேசியிருப்பேன்.

முடிஞ்சு கீழ இறங்கினதும் அவர்தான் கிட்ட வந்து கையைப் பிடிச்சார். "நல்லா பேசின தம்பி. ஆனா உங்க தாத்தனா இருந்தா இன்னும் ஒரு அர மணி நேரம் இழுத்திருப்பான். தலைவரு கார் இன்னும் திண்டிவனமே தாண்டலன்னு நெனச்சுக்குவான்"னார்.